சென்சாருக்கு எதெல்லாம் தெரியக் கூடாது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அம்மா பால் வெட்டிய காலம். பகல் பதினொரு மணி வாக்கில் பால் ஸ்டோர் வாசலில் பெண்கள் தோள்கம்பில் சுமந்து வந்த காண்டா வாளிகளை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, ஒவ்வொருவர் பாலிலும் ஒரு குவளை எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, அதில் மெட்ரோலாக்கை மிதக்க விடுவார். அடியில் குண்டும் மேலே கோடு போட்ட தண்டுமாக இருக்கும் மிதவை அது. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஒரு கனசென்டிமீட்டர் ரப்பர் 0.92 கிராம்தான் இருக்கும். அதனால் ரப்பர் அதிகமுள்ள பாலில் மிதவை ஆழமாக இறங்கும். தண்ணீர்ப் பாலில் துருத்திக்கொண்டு நிற்கும். தண்டில் பால் தொடும் கோட்டைப் பார்த்து முப்பது, முப்பத்திரண்டு என்று கிராணி புத்தகத்தில் எழுதுவார். கூலிக்கணக்கு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும்.

மழை பிடித்த நாள்களில் சண்டை வரும். "குளுந்து கெடக்கிற பாலுங்க ஐயா, செத்த நேரம் வெச்சு அளந்து பாருங்க" என்று அம்மா சொல்வார். "மெட்ரோலாக் பொய் சொல்லாதும்மா" என்பார் கிராணி. பள்ளியில் அடர்த்தி பற்றிப் படித்த பிறகுதான் அம்மா பக்கம் நியாயம் இருந்தது எனக்குப் புரிந்தது. பால் குளிர்ந்தால் சுருங்கும், அடர்த்தி கூடும், மிதவை கொஞ்சம் மேலே ஏறும், ரப்பர் குறைவு என்று காட்டும். ஐந்து டிகிரி வித்தியாசமே ஓரிரு விழுக்காட்டை விழுங்கிவிடும். மெட்ரோலாக் பொய் சொல்லவில்லைதான். அது அடர்த்தியைச் சொன்னது. நாம் அதை ரப்பர் என்று படித்துக்கொண்டோம்.

இந்தப் பழைய சண்டையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. காந்தப் பொருள், குறைகடத்திப் பொருள் (சிலிக்கான் மாதிரி ஓரளவே மின்சாரம் கடத்துவது) என்று சென்சாருக்காக நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், இதுவரை யாரும் உணராத ஒன்றை உணரும் புதுப்பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிற தொனியில்தான் எழுதுகிறார்கள். உண்மையில் உணரும் பொருளுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. ஒரு துண்டு இரும்புக் கம்பிகூட வெப்பத்தை உணரும், இழுவிசையை உணரும், காந்தத்தை உணரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே எண்ணில் கலந்து சொல்லும், அதுதான் தொல்லை. ஆராய்ச்சியாளர்களின் ஆயுள் பெரும்பாலும் வேண்டாததைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பொருளைப் பழக்குவதிலேயே கழிகிறது. வெப்பமும் ஈரமும் ஓயாத நம் ஊரில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தோட்டம் இப்போது செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் ஒரு குன்றும் கோயிலும்தான் மிச்சம். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்க) ஆள் கூடிய முச்சந்தியில் இன்று விடிகாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்தபோது தொடங்கிய பயணம் இது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு பஸ் போகும் தூரம் குறைந்தது. 2006-இல் அதே பூங்காவில் இன்ஃபினியான் சில்லு வார்க்கும் தொழிற்சாலையைத் தொடங்கியது. 2024-இல் சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதல் கட்டமும் அங்கேயே திறந்தது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகளில் பாதிப்பேர் ஏதோ ஒரு வேளையில் சில்லைக் கையில் தொட்டவர்கள்தாம். நானும் பதினோரு ஆண்டு சோதனைப் பிரிவில் ஷிப்ட் பார்த்தவன். ஆனால் தொட்ட பொருளுக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டவுனில் என் நண்பர் பட்டறை வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறையாவது "சென்சார் போச்சுண்ணே, மாத்தணும்" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். காரின் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பிரேக்குக்குச் சொல்லும் கறுப்புத் துண்டு, மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கால் சில்லு இவையெல்லாம் பெரும்பாலும் ஹால் விளைவை நம்பி இருப்பவை.

ஹால் என்பது ஆள் பெயர். 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்ற மாணவர், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தங்க ரேக்கில் மின்சாரத்தைச் செலுத்தி, அதைக் காந்தத்துக்கு நடுவில் வைத்தார். மின்சாரம் ஓடும் திசைக்குக் குறுக்கே, ரேக்கின் இரண்டு ஓரங்களுக்கும் இடையில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் தோன்றியது. தோட்டத்து ஓடையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓடை வளையும் இடத்தில் தண்ணீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்கி அங்கே மட்டம் ஒரு விரற்கடை ஏறி நிற்கும். காந்தம் எலெக்ட்ரான்களை அப்படி ஒரு கரைக்குத் தள்ளுகிறது. மட்ட வித்தியாசத்தை அளந்தால் தள்ளிய காந்தத்தின் பலம் தெரியும். எலெக்ட்ரான் என்று ஒன்று இருப்பது 1897-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஹால் அதற்குப் பதினெட்டு ஆண்டு முந்தியவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

சரி, தங்கத்திலேயே வேலை நடக்கிறதே, குறைகடத்தி எதற்கு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள செம்புப் படலத்தில் ஒரு மில்லி ஆம்பியர் செலுத்தி, 50 மில்லிடெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தால் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 4 நானோவோல்ட். இதே அளவில் ஓரளவு கலப்பூட்டிய சிலிக்கானை வைத்தால் சுமார் 30 மில்லிவோல்ட், ஏறக்குறைய 80 லட்சம் மடங்கு. செம்பில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் ஏராளம். குறைகடத்தியில் ஆள் குறைவு. ஆள் குறைந்தால் அதே வேலைக்கு ஒவ்வொருவரும் ஓட வேண்டும், நிரை பிரிக்கும்போது நாலு பேர் லீவு போட்டால் என்ன ஆகுமோ அதுதான். வேகமாக ஓடும் எலெக்ட்ரானைக் காந்தமும் பலமாகத் தள்ளும்.

இந்தக் கணக்கைத் தொடர்ந்தால் எலெக்ட்ரான் மிக எளிதாக ஓடும் பொருளே சிறந்தது என்றாகும். அந்தப் பட்டியலின் உச்சியில் இருப்பது இண்டியம் ஆன்டிமோனைடு. சிலிக்கானில் எலெக்ட்ரானின் இயங்குதிறன் சுமார் 1,400 என்றால் இதில் 78,000 அளவில். அப்படியானால் உலகம் முழுக்க இதுதானே இருக்க வேண்டும்? குட்டி மோட்டார்களில் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் காரின் பானட்டுக்கு அடியில் 150 டிகிரி வரை சூடேறும் இடத்தில் அது தடுமாறும். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலெக்ட்ரானைக் கிளப்பி ஓடவிடத் தேவையான ஆற்றல், வெறும் 0.17 எலெக்ட்ரான்வோல்ட். அறை வெப்பமே ஏராளமான எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடப் போதும். இன்னும் கொஞ்சம் சூடேறினால் காந்தத்தை அளக்கிறோமா வெப்பத்தை அளக்கிறோமா என்று தெரியாது. சிலிக்கானுக்கு அந்த இடைவெளி 1.12, காலியம் ஆர்சனைடுக்கு 1.42. கூர்மை கூடிய பொருள் சூட்டுக்கும் கூர்மையாகவே பதறுகிறது. மட்டமான இயங்குதிறன் கொண்ட சிலிக்கான் சந்தையைப் பிடித்ததற்கு இது பாதிக் காரணம். சென்சாரையும் அதன் பிழையைத் திருத்தும் சுற்றையும் ஒரே துண்டில் வார்த்துவிடலாம் என்பது மீதிப் பாதி.

அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தந்திரம் உண்டு. சிலிக்கான் தகடு எவ்வளவு துல்லியமாக வார்த்தாலும் கொஞ்சம் கோணல் இருக்கும், காந்தமே இல்லாதபோதும் சின்ன மின்னழுத்தம் காட்டும். அதனால் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடாமல், நான்கு பக்கமும் மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். கோணலால் வரும் பிழை திசைக்குத் திசை குறி மாறும், ஹால் மின்னழுத்தம் மாறாது. சராசரி எடுத்தால் பிழை தன்னோடு தானே கழிந்துபோகும். நொடிக்குப் பல்லாயிரம் முறை இது நடக்கிறது.

இன்னொரு எதிரி நம் ஊர்க்காரன். ஈரம். சில்லைச் சுற்றி இருக்கும் கறுப்புப் பிசின் காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சி உப்பும். உப்பிய பிசின் உள்ளே இருக்கும் சிலிக்கானை இழுக்கும், அழுத்தும். அழுத்தம் மாறினால் சிலிக்கானின் ஹால் மின்னழுத்தமும் மாறும். ஓரிரு விழுக்காடு நகர்ந்துவிடுவது சாதாரணம். கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சில்லுக்கு இது பொருட்டில்லை. மின்சாரக் காரின் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளக்கும் சில்லுக்கு இது தலைவலி. இப்போதைய நல்ல சில்லுகளில் காந்தத்தை உணரும் தகட்டுக்குப் பக்கத்திலேயே அழுத்தத்தை உணரும் இன்னொரு தகடு இருக்கும். அது சொல்வதை இதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். ஒரு சென்சாரை நம்புவதற்கு இன்னொரு சென்சாரைக் காவலுக்கு வைக்க வேண்டியிருக்கிறது.

நான் வேலை பார்த்த இடத்தில், உறை பிரித்த சில்லுகளை 168 மணி நேரத்துக்குள் பலகையில் ஒட்டிவிட வேண்டும் என்று சில வகைகளுக்கு விதி இருந்தது. தவறினால் 125 டிகிரி அடுப்பில் மணிக்கணக்கில் சுட்டு ஈரத்தைப் போக்க வேண்டும். உறைக்குள் ஒரு அட்டை இருக்கும், ஈரம் புகுந்தால் நீலப் புள்ளி இளஞ்சிவப்பாகும். ஒருமுறை உறையின் ஓரம் சரியாக ஒட்டாமல் ஒரு பெட்டி முழுதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. சூப்பர்வைசர் கத்திய கத்தில் ஈரம் தானாகவே ஆவியாகியிருக்க வேண்டும். அன்றைக்கு அது வெறும் விதி என்றுதான் நினைத்தேன். உள்ளே ஈரம் இருந்தால் ஒட்டும் சூட்டில் நீராவியாகிப் பிசினே வெடிக்கும் என்பதும், வெடிக்காவிட்டாலும் அளவு நகரும் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

குறைகடத்தியின் கதை இப்படி என்றால் காந்தப் பொருள்களின் கதை அதைவிடப் பழையது. 1850-களின் நடுவில், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், இரும்பையும் நிக்கலையும் காந்தமாக்கும் திசையைப் பொறுத்து அவற்றின் மின்தடை மாறுவதைக் கண்டார். மாற்றம் மிகச் சிறியது. நல்ல படலங்களிலேயே இரண்டு மூன்று விழுக்காடுதான். நூறு ஆண்டுக்கும் மேலாக அதை யாரும் சென்சாராக்கவில்லை. பயனுக்கு வந்தபோது கைகொடுத்தது பெர்மலாய் என்ற கலவை, நிக்கல் 80 பங்கு, இரும்பு 20 பங்கு. 1910-களில் கஸ்டாஃப் எல்மன் என்பவர் தொலைபேசி, தந்தி வேலைகளுக்காகக் கண்டது. அது ஏன் 80-க்கு 20? மெல்லிய காந்தத்துக்கும் சட்டென்று திரும்பும் குணம் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. காந்தமாகும்போது இரும்பு கொஞ்சம் நீளும், நிக்கல் சுருங்கும். 80 விழுக்காட்டு நிக்கலுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அப்படிப்பட்ட பொருளை அழுத்தினாலும் இழுத்தாலும் அதன் காந்தம் அசையாது. பக்குவமான கலவை விகிதத்தின் மூலமே அழுத்தத்தைக் கண்டுகொள்ளாமல் செய்துவிட்டார்கள்.

1988-இல் நிலைமை மாறியது. பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் கிரன்பெர்க்கும் தனித்தனியாக இரும்பையும் குரோமியத்தையும் நானோமீட்டர் கணக்கில் அடுக்கி, காந்தம் காட்டினால் மின்தடை தடாலென்று விழுவதைக் கண்டார்கள். ஃபெர்ட்டின் அடுக்கில் குரோமியம் 0.9 நானோமீட்டர்தான். சில அணுக்களின் தடிமன். மைனஸ் 269 டிகிரிக் குளிரில் மின்தடை ஏறக்குறையப் பாதியானது. இரண்டு மூன்று விழுக்காட்டுக்குப் பழகியவர்களுக்கு இது மலை. பெயரும் மாபெரும் காந்தத்தடை என்றே வைத்தார்கள். 1997-இல் ஐபிஎம் இதைக் கணினி வட்டுகளில் எழுத்தைப் படிக்கும் தலையில் பொருத்தி விற்கத் தொடங்கியது. 2007-இல் இருவருக்கும் நோபெல் பரிசு. ஆய்வகத்திலிருந்து ஒன்பதே ஆண்டில் கடைக்கு வந்த இயற்பியல் அதிகம் இல்லை.

இது எப்படி நடக்கிறது? எலெக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு, மேல், கீழ் என்று இரண்டே வகை. தோட்டத்துக்கு இரண்டு கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேட்டில் சிவப்புச் சீட்டுக்காரர்களைச் சும்மா விட்டு, நீலச் சீட்டுக்காரர்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள். இரண்டாவது கேட்டிலும் அப்படியே என்றால் சிவப்புக்காரர்களாவது ஓட்டமாகப் போய்விடுவார்கள். இரண்டாவது கேட்டில் கட்டளை தலைகீழ் என்றால் எல்லோருமே ஏதாவது ஒரு கேட்டில் மாட்டுவார்கள், கூட்டம் தேங்கும். ஒவ்வொரு காந்த அடுக்கும் ஒரு கேட். இரண்டின் காந்தத் திசையும் ஒன்றானால் மின்தடை குறைவு, எதிரானால் அதிகம். சென்சாரில் ஒரு அடுக்கை இரிடியம்-மாங்கனீசுப் படலத்தோடு ஒட்டி, முளையில் கட்டிய மாடு மாதிரி நகராமல் கட்டிவிடுகிறார்கள். மற்ற அடுக்கு அவிழ்த்துவிட்ட மாடு, வெளியே உள்ள காந்தம் இழுத்த பக்கம் திரும்பும்.

நடுவில் உலோகத்துக்குப் பதிலாக மின்சாரம் கடத்தாத மெல்லிய படலத்தை வைத்தால் எலெக்ட்ரான்கள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். இதன் விளைவு இன்னும் பெரிது. 1975-இல் பிரான்சின் ஜூலியர் கடுங்குளிரில் இதைக் காட்டினார். அறை வெப்பத்தில் காட்ட இருபது ஆண்டு பிடித்தது. 1995-இல் ஜப்பானின் மியாசாகியும், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வு செய்த ஜகதீஷ் மூடேராவும் அலுமினியம் ஆக்சைடுப் படலத்தால் அதைச் சாதித்தார்கள். மூடேரா முதலில் கண்ட மின்தடை மாற்றம் சுமார் 12 விழுக்காடு. 2004-இல் அலுமினியம் ஆக்சைடு இருந்த இடத்தில் மெக்னீசியம் ஆக்சைடு வந்ததும் அது 200 விழுக்காட்டுக்குத் தாவியது. 2008-இல் ஜப்பானியர் 604 என்று வெளியிட்டனர். மெக்னீசியம் ஆக்சைட்டின் படிக அணிவகுப்பு ஒருவகை எலெக்ட்ரானை மட்டும் வடிகட்டி அனுப்புகிறது என்பதால் வந்த பாய்ச்சல் இது.

இந்த விழுக்காடுகளைப் படித்து மயங்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். நினைவகச் சில்லு செய்பவருக்கு 600 விழுக்காடு இனிக்கும், அவருக்கு ஒன்றா சுழியா என்று தெரிந்தால் போதும். அளப்பவருக்கு வேறு கேள்விகள் உண்டு. காந்தத்தை எடுத்துவிட்டால் சென்சார் பழைய இடத்துக்கே வருமா, இல்லை பழைய வாசனையைப் பிடித்துக்கொண்டு நிற்குமா? காந்தமே இல்லாதபோது எவ்வளவு இரைச்சல்? துளைப்படலச் சென்சார்களில் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சல் பெரிய குறை. விழுக்காட்டை ஏற்றப் பொருளை மாற்றினால் இரைச்சலும் கூடவே ஏறிவிடுவது உண்டு. அந்த எண்ணைத் தலைப்பில் போடுகிறார்கள், இந்த எண்ணைக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்.

உங்கள் கைப்பேசியின் திசைகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் காந்தப்புலம் நம் பக்கம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. கைப்பேசிக்குள் ஒலிபெருக்கிக் காந்தம் அதைவிடப் பல மடங்கு பலத்தோடு சென்சாருக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. எட்டுப் போடுவதுபோலக் கைப்பேசியைச் சுழற்றச் சொல்வது இதனால்தான். கைப்பேசியோடு கூடவே சுழல்வது உள்ளூர்க் காந்தம், சுழலாமல் நிற்பது பூமி. இரண்டையும் பிரித்து முன்னதைக் கழித்துவிடுகிறது மென்பொருள். வடக்கு கெடாவில் இருந்து கொஞ்சம் வடக்கே போனால் காந்த நடுக்கோடு வந்துவிடும். அதனால் நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. ஐரோப்பாவில் அது மிகச் சரிவாக நிலத்துக்குள் பாயும், அங்கே கைப்பேசியைக் கொஞ்சம் சாய்த்தாலே திசை குழம்பும். நமக்கு அந்தத் தொல்லை குறைவு. இதே நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் தொட்டுச் செல்வதால்தான் 1963-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டைத் தும்பாவிலிருந்து விட்டார்கள்.

சென்சாருக்கு எதிரே சுழலும் காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டிகிரி சூடேறினால் ஃபெரைட் காந்தம் சுமார் 0.2 விழுக்காடு பலம் இழக்கும். 1984-இல் வந்த நியோடிமியக் காந்தம் 0.1 அளவில், சமாரியம்-கோபால்ட் 0.04 அளவில். விலையும் இதே வரிசையில் ஏறிக்கொண்டே போகும். நியோடிமியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை குவாந்தான் பக்கம் கெபெங்கில் நடக்கிறது. கழிவைப் பற்றிய வழக்கும் போராட்டமும்தான் நம் பத்திரிகைகளில் வந்தன, அந்தப் பொருள் எதற்கு என்பது வரவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

குறைகடத்தியும் காந்தமும் ஒரே பொருளில் கூடினால்? ஆராய்ச்சி உலகம் கண்ட பெரிய கனவு இது. ஜப்பானில் ஹிதேயோ ஓனோ குழுவினர் 1996-இல் காலியம் ஆர்சனைடில் மாங்கனீசைக் கலந்து அதைக் காந்தமாக்கினார்கள். உண்மையான சாதனைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் மெருகேற்றியும் அது மைனஸ் 73 டிகிரி வாக்கிலேயே காந்தத்தை இழந்துவிடுகிறது. கூலிமில் அதை வைத்து என்ன செய்வது? 2000-இல் டயட்ல் என்ற போலந்து ஆய்வாளரும் கூட்டாளிகளும் துத்தநாக ஆக்சைடும் காலியம் நைட்ரைடும் அறை வெப்பத்திலேயே காந்தமாகலாம் என்று கணித்தார்கள். துத்தநாக ஆக்சைடு நம் ஆட்களுக்குப் பழைய சிநேகிதன், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும்போது போடும் வெள்ளைத்தூள். கையுறை ஆலையில் வேலை பார்த்தவர்களின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அதைக் காந்தமாக்கிவிட்டோம் என்று உலகெங்கும் கட்டுரைகள் குவிந்தன. பல ஆய்வகங்களால் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. சிலவற்றில் காந்தமாக்கக் கலந்த கோபால்ட் சரியாகக் கரையாமல் குட்டிக் குட்டி உலோகக் கட்டியாக நின்று, அந்தக் கட்டிகளே காந்தம் காட்டியிருந்தன.

இந்தக் காலத்துக் கதைகளில் என் மனதில் நிற்பது இடுக்கிக் கதை. 2004-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர், காந்தத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலம் காந்தம் காட்டுவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஐபிஎம் ஆய்வகத்தினர் அதைச் சோதித்தார்கள். படலத்தைத் துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் பிடித்தால் காந்தம் தெரிந்தது. எஃகு படாமல் பார்த்துக்கொண்டால் காந்தம் இல்லை. இடுக்கி உரசிய இடத்தில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளைக்கூட அந்த அளவுக் கருவி பிடித்துவிட்டிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. பால் ஸ்டோர் வாசலில் கேட்ட அதே வசனம்.

காந்தத்தை விட்டுவிட்டு நுகரும் சென்சாருக்கு வருவோம். அமோனியா வாடையில் வளர்ந்தவன் நான். பால் உறையாமல் இருக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுவார்கள், கண் எரியும். இன்று சமையல் எரிவாயு கசிந்தால் அலறும் மலிவுக் கருவிகளில் இருப்பது வெள்ளீய ஆக்சைடு. ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி 1962-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். வெள்ளீய ஆக்சைடு வேறொன்றுமில்லை, கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல்கள் பல பத்தாண்டுகள் வாரிய தாதுவும் வேதியியலில் அதேதான். ஈப்போவைக் கட்டிய பொருளின் தூய உறவுக்காரன் அடுப்படிச் சுவரில் உட்கார்ந்து மோப்பம் பிடிக்கிறான்.

வேலை செய்யும் விதம் எளிது. 200 முதல் 400 டிகிரி வரை சூடாக்கிய வெள்ளீய ஆக்சைட்டின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டி, அதன் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்தடை ஏறும். எரிவாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதை அகற்றும், எலெக்ட்ரான்கள் விடுதலையாகும், மின்தடை இறங்கும். நீராவி வந்தாலும் மின்தடை இறங்கும் என்பதுதான் சிக்கல். இத்தகைய சென்சார்களின் விவரத் தாளில் 20 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதம் என்று சோதனை நிலை போட்டிருக்கும். பாடாங் செராயில் எந்த வீட்டு அடுப்படியில் 20 டிகிரி இருக்கிறது? சோறு கொதிக்கும் வேளையில் கருவி கத்துகிறது என்று என் அத்தை அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார். அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்லேடியம் போன்ற உலோகத் துகள்களைத் தூவுவது, துத்தநாக ஆக்சைடை நானோ கம்பிகளாக வளர்ப்பது, வெவ்வேறு பொருள் பூசிய நாலைந்து சென்சார்களைச் சேர்த்து வைத்து அவற்றின் பதில்களை ஒப்பிடுவது என்று நடக்கும் வேலைகள் பலவும் இந்த ஈரத்தோடு நடத்தும் மல்லுக்கட்டுதான். கூலிமுக்கு அக்கரையில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் துத்தநாக ஆக்சைடும் காலியம் நைட்ரைடும் பல ஆண்டுகளாக ஆய்வுப் பொருள்கள். உலர்ந்த நாட்டில் இருந்து வரும் ஆய்வைவிட நம் பக்கத்து ஆய்வுக்கு இந்த விஷயத்தில் ஒரு தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். ஈரத்தை அவர்கள் உண்டாக்கிப் பார்க்க வேண்டும், இவர்கள் ஜன்னலைத் திறந்தால் போதும்.

தோட்டத்துக்கே திரும்பி வரும் ஆராய்ச்சியும் இருக்கிறது. செம்பனைக் குலை ஆலைக்கு வந்து இறங்கியதும் பழுத்ததா காயா என்று பார்ப்பது இன்றும் மனிதக் கண்தான். நிறத்தைப் பார்ப்பார்கள், பழம் உதிர்ந்த குழிகளை எண்ணுவார்கள். பத்துக் குழியாவது இருந்தால் பழுத்தது என்பது மலேசிய பனை எண்ணெய் வாரியத்தின் வழிகாட்டி. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானியரோடு சேர்ந்து இதற்குக் கம்பிச் சுருளை வைத்து ஒரு சென்சார் செய்து பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். பழத்தைச் சுருளுக்கு அருகில் வைத்து, சுருள் ஒத்ததிரும் அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. காயில் நீர் அதிகம். பழுக்கப் பழுக்க எண்ணெய் ஏறி நீர் இறங்கும். அந்த நீர்தான் அதிர்வெண்ணை நகர்த்துகிறது.

நல்ல யோசனை. ஆனால் இதுவும் பழுத்ததை நேராக அளக்கவில்லை, நீரை அளக்கிறது. அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் லாரியில் வரும் குலைகள் சொட்டச் சொட்டத்தான் வந்து இறங்கும். தராசு மேடையில் அந்தச் சுருள் வந்துவிட்டால், குலையைச் செத்த நேரம் வடியவிட்டுத்தான் அளக்க வேண்டியிருக்கும்.